பாம்புக் குழியும் அரணை மணலும்: மானிடோபாவில் ஐந்து நாள்

முதல் நாள்

மானிடோபா போகிறேன் என்றதும் டொராண்டோவில் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "பனிக்கரடியா?" இல்லை. பனிக்கரடிக்கு அக்டோபர், நவம்பரில் சர்ச்சில் போக வேண்டும். ஹட்சன் விரிகுடாக் கரையில் இருக்கிற ஊர், சாலையே கிடையாது. விமானம், இல்லாவிட்டால் வின்னிபெக்கிலிருந்து இரண்டு நாள் ரயில். கடல் எப்போது உறையும் என்று கரடிகள் கரையில் காத்துக் கிடக்கிற அந்தச் சில வாரங்களில் கேட்கிற காசுக்கு நான் திருநெல்வேலிக்கே போய்வந்துவிடுவேன். எனக்கு வாய்த்தது மே மாத நடுவில் ஐந்து நாள் லீவும், வின்னிபெக்கில் லாரி ஓட்டும் மச்சினனும்தான். என் ஆசையும் சின்னதுதான். ஒரு மூஸ் பார்க்க வேண்டும். குதிரை உயரத்தில், கொம்பைக் கட்டில் மாதிரி விரித்துக்கொண்டு நிற்குமே, அந்தக் கடமான்.

"அத்தான், அதப் பாக்கணும்னு யாராவது கிளம்புவாங்களா? ராத்திரி ரோட்டுல அது குறுக்க வந்திரக் கூடாதேன்னு நான் தெனமும் சாமி கும்பிட்டுட்டு வண்டி எடுக்கேன்" என்றான் விமான நிலையத்திலேயே.

ஊரை விட்டு வெளியே வந்ததும் நிலம் மேசை மாதிரி ஆகிவிடுகிறது. தட்டை என்று சொல்லக் கேட்டிருக்கிறேன், ஆனால் இவ்வளவு தட்டையா? காரணம், நாங்கள் போய்க்கொண்டிருந்தது ஓர் ஏரியின் அடித்தரையில். பனியுகம் முடிகிற சமயத்தில் உருகின நீர் தேங்கி அகாசிஸ் என்ற ஏரியாக இங்கே நின்றது. இன்றைய ஐம்பெரும் ஏரிகளை ஒன்றாகச் சேர்த்தாலும் அதைவிடப் பெரியது. வண்டல் படிந்து படிந்து தரை மட்டமாகி, கடைசியில் நீர் வடிந்து போனது. வின்னிபெக் ஏரியும் மானிடோபா ஏரியும் அதன் மிச்சம். குளம் வற்றினால் நடுவில் குட்டை நிற்குமே, அதுபோல.

முதல் நிறுத்தம் லாக்போர்ட். ரெட் ஆற்றில் படகுகள் பாறைச் சரிவைத் தாண்டிப் போவதற்காக 1910-ல் கட்டின அணை. அணைக்குக் கீழே நுரைக்கிற தண்ணீரில் வெள்ளை வெள்ளையாகக் கூழைக்கடாக்கள். நூறு இருக்கும். கூந்தன்குளத்தில் வீட்டு வாசல் மரத்தில் கூழைக்கடா கூடு கட்டுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன் நான். அங்கே சாம்பல் நிறம், மரத்தில் கூடு. இது பால் வெள்ளை, சிறகு நுனி மட்டும் கறுப்பு, கூடு ஏரித்தீவுகளில் வெறும் தரையில். இன்னொரு வித்தியாசம் பைனாகுலரை எடுத்த பிறகுதான் தெரிந்தது. மேல் அலகின் நடுவில் கட்டைவிரல் நகம் மாதிரி ஒரு கொம்பு துருத்திக்கொண்டிருந்தது. ஏதோ அடிபட்ட பறவை என்று நினைத்தேன். அடுத்ததைப் பார்த்தால் அதற்கும் இருக்கிறது. இனப்பெருக்கக் காலத்தில் மட்டும் முளைத்து, முட்டையிட்ட பிறகு விழுந்துவிடுகிற கொம்பாம். ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. மே மாதம் வந்ததால் பார்த்தோம்.

அங்கிருந்து ஓக் ஹாமக் சதுப்பு நிலம். ஒருகாலத்தில் 470 சதுர கிலோமீட்டர் பரந்து கிடந்த சதுப்பை விவசாயத்துக்காக வாய்க்கால் வெட்டி வடித்து ஏறக்குறைய இல்லாமலே ஆக்கிவிட்டார்கள். 1970-களில் வரப்பு கட்டி மறுபடி தண்ணீர் நிறுத்தி, இன்று 36 சதுர கிலோமீட்டர் இருக்கிறது. கோரைப்புல்லின் நுனியில் மஞ்சள் தலைக் கருங்குருவி ஒன்று உட்கார்ந்து கத்தியது. கிணற்று ராட்டினத்துக்கு எண்ணெய் போடாவிட்டால் வருகிற அதே சத்தம். இவ்வளவு அழகான பறவைக்கு இப்படி ஒரு குரல் கொடுத்தவனை என்ன சொல்வது.

இரண்டாம் நாள்

இன்று பாம்பு.

வின்னிபெக்கிலிருந்து வடக்கே 130 கிலோமீட்டர் போல. நார்சிஸ் என்ற சிற்றூர் தாண்டி 17-ஆம் எண் சாலையோரத்தில் இருக்கிறது இடம். வழியில் இன்வுட் என்ற ஊரில் இரண்டு பாம்புகள் பின்னிக்கொண்டிருக்கிற மாதிரி சிலை வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்ததுமே மச்சினன் முகம் மாறிவிட்டது.

"அத்தான், நீங்க போயிட்டு வாங்க. நான் வண்டியிலயே இருக்கேன்."

"ஏ மாப்ளே, வெசமில்லாத பாம்புடா."

"வெசமில்லன்னா என்ன, பாம்பு பாம்புதானே?"

பதில் சொல்ல முடியாத கேள்வி. நான் மட்டும் இறங்கினேன்.

மூன்று கிலோமீட்டர் நடைபாதை, அதையொட்டி நான்கு குழிகள். சுண்ணாம்புப் பாறையின் கூரை இடிந்து உள்வாங்கின பள்ளங்கள். எங்கள் ஊர்க் கிணற்றில் பாதி ஆழம்கூட இல்லை. முதலில் ஒன்றும் தெரியவில்லை. காதில்தான் பட்டது. காய்ந்த சருகின்மேல் தூறல் விழுகிற சத்தம். அண்ணாந்து பார்த்தேன், சுள்ளென்று வெயில். அப்புறம் வேலியைப் பிடித்துக்கொண்டு கீழே குனிந்தேன். குழியின் தரை நகர்ந்துகொண்டிருந்தது.

தரை என்று நான் நினைத்தது அத்தனையும் பாம்பு. பென்சில் தடிமன், முழ நீளம், கறுப்பு உடம்பில் வெளிர்மஞ்சள் கோடுகள், விலாவில் செங்கல் நிறப் புள்ளிகள். பாறைச் சந்திலிருந்து வழிந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, வேரைப் பிடித்து மேலே வந்து, மறுபடி சரிந்து விழுந்து. இந்தக் குழிகளில் வந்து குளிர்காலத்தைக் கழிக்கிறவை பல பத்தாயிரம். மைனஸ் முப்பது, நாற்பது போகிற ஊரில் உறைநிலைக்குக் கீழே போகாத ஆழம்வரை பாறை வெடிப்பு இறங்கியிருப்பது இந்த மாதிரி இடங்களில் மட்டும்தான். அதனால்தான் சுற்றுவட்டாரப் பாம்பெல்லாம் இங்கே வந்து சேர்கிறது. செப்டம்பரில் திரும்பி வந்தது வசந்தத்தில் வெளியே வரும்வரை எதுவும் தின்பதில்லை. வந்த பிறகும் முதல் வேலை சாப்பாடு இல்லை.

முதலில் வருவது ஆண்கள். வாசலிலேயே காத்துக் கிடக்கும். பெண் பாம்பு ஒவ்வொன்றாக வரும். கட்டைவிரல் தடிமன், ஆணைப்போல் ஒன்றரை மடங்கு நீளம். ஒரு பெண் வெளியே தலை நீட்டியதும் ஐம்பது ஆண்கள் ஓடி வந்து சுற்றிக்கொள்கின்றன. நூல்கண்டு சிக்கலான மாதிரி ஒரு பந்து. அந்தப் பந்து என் கண்ணெதிரே சரிவில் உருண்டு வேலியடிக்கு வந்தது. உள்ளே ஒரே ஒரு பெரிய தலை மட்டும் நிதானமாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. கடி இல்லை, சீறல் இல்லை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தாடையை அவள் முதுகில் தேய்ப்பதோடு சரி.

எனக்குப் பெரியப்பா ஞாபகம் வந்தது. குளத்தங்கரையில் சாரையும் நல்லபாம்பும் பிணைகிறது என்று கூட்டம் கூடியபோது, தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன்மேல் வீசினார். அந்தத் துண்டைப் பெட்டியில் வைத்தால் காசு சேரும் என்று நம்பிக்கை. துண்டு பல வருஷம் பெட்டியில் இருந்தது, காசு சேரவில்லை. பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன், அப்படி எழும்பி நின்று பின்னிக்கொள்கிறவை பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள், நடப்பது மல்யுத்தம். நல்லபாம்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இங்கே நடப்பதோ அசல் பிணையல், ஆனால் துண்டு வீச ஆள் இல்லை.

வழிகாட்டிப் பெண் ஒருவர் சொன்ன விஷயம்தான் இன்னும் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. குழியிலிருந்து அப்போதுதான் வந்த ஆண் பாம்பு குளிரில் விறைத்திருக்கும், வேகமாக நகர முடியாது. அந்தச் சமயத்தில் அதன் உடம்பிலிருந்து பெண்ணின் வாசனை வரும். மற்ற ஆண்கள் ஏமாந்து வந்து மேலே விழுந்து போர்த்திக்கொள்ளும். அந்தச் சூட்டில் இது தெளிந்துகொள்ளும். ஓரிரு நாளில் வாசனை போய்விடும், இதுவும் ஆண்களோடு சேர்ந்து வாசலில் காத்திருக்கும். ஆரெகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் மேசன் இந்தப் பாம்புகளின் வாசனையைப் பல பத்தாண்டுகளாக இங்கே வந்து ஆராய்ந்திருக்கிறார். ஊரை ஏமாற்றிக் குளிர்காய்வது என்று இதற்கு மேல் என்ன சொல்வது?

அழகு மட்டும் இல்லை. பாதையோரம் செத்துக் கிடந்த ஒன்றின் வயிற்றில் சின்னதாக ஒரே ஒரு கிழிசல். உடம்பு அப்படியே இருந்தது. காகத்தின் வேலை. ஈரலை மட்டும் கொத்தி எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுமாம். மேலே நாலைந்து காகங்கள் ஆஸ்பென் மரத்தில் உட்கார்ந்து, கல்யாணப் பந்திக்குக் காத்திருக்கிற மாதிரி குழியைப் பார்த்துக்கொண்டிருந்தன. 1999-ல் கடுங்குளிரில் பல்லாயிரக்கணக்கான பாம்புகள் செத்துப்போயின. அது போதாதென்று 17-ஆம் சாலை அவற்றின் வழியை அறுத்துக்கொண்டு போகிறது. கோடையில் தவளை தேடி இருபது கிலோமீட்டர் வரை போகிற பாம்புகள் இலையுதிர்காலத்தில் திரும்பும்போது டயரில் நசுங்குவது வழக்கமாக இருந்தது. இப்போது சாலைக்கு அடியில் குழாய்ச் சுரங்கம் பதித்து, ஓரத்தில் தாழ்வாக வேலி போட்டு அதற்குள் திருப்பிவிடுகிறார்கள்.

திரும்பி வந்தால் மச்சினன் காரின் பானட்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். பார்க்கிங்கில் ஒரு பாம்பு குறுக்கே போயிருக்கிறது.

"அதுவா வந்திச்சு அத்தான். நான் ஒண்ணும் பண்ணல."

மூன்றாம் நாள்

ராத்திரி தங்கின மோட்டலில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. மே மாதம்தானே என்று பேசாமல் படுத்தோம். விடியற்காலை இரண்டு டிகிரி. பாம்பு மாதிரி நாங்களும் ஒருவன்மேல் ஒருவன் சாயாத குறை.

இன்று பெரும்பாலும் ஓட்டம். 68-ஆம் சாலையில் மேற்கே, மானிடோபா ஏரி இடுப்பு மாதிரி ஒடுங்குகிற இடத்தில் பாலம் ஏறிக் கடந்தோம். இந்த மாகாணத்துக்கே இங்கிருந்துதான் பெயர் வந்தது என்கிறார்கள். ஒடுங்கின நீரில் அலை கரைக்கல்லில் மோதுகிற சத்தம் பழங்குடியினருக்கு மனிடோவின், அதாவது பேராவியின், முரசொலியாகக் கேட்டதாம். நாங்கள் நின்றபோது காற்றில்லை. ஒரு மீன்கொத்தியின் கிரீச்சைத் தவிர முரசு எதுவும் கேட்கவில்லை. வயலில் இரண்டு மணற்குன்றுக் கொக்குகள் நெற்றியில் குங்குமம் வைத்த மாதிரி நின்றன. மதியம் பிக்கரல் மீன் வறுவல், ருசி. காரம்தான் இல்லை, பையிலிருந்த ஊறுகாய் கைகொடுத்தது.

சாயந்திரம் ரைடிங் மவுண்டன் தேசியப் பூங்காவின் கிழக்கு வாசல். மலை என்று பெயர், ஊர்ப்பக்கத்தார் பார்த்தால் பொத்தை என்பார்கள். ஆனால் இரண்டு நாள் தட்டை நிலத்தில் ஓடின கண்ணுக்கு அது பொதிகை மாதிரிதான் தெரிந்தது. பழைய ஏரிப் பக்கமாக இருந்து இந்தச் சரிவில் ஏறினால் மேலே ஸ்ப்ரூஸ் காடு. ஒரு வளைவில் கருங்கரடி ஒன்று சாலையோரம் உட்கார்ந்து, மாடு மாதிரி ஆர அமர டான்டேலியன் பூ மேய்ந்துகொண்டிருந்தது. பூவை மட்டும் உதட்டால் பறித்துத் தின்கிறது, தண்டு நிற்கிறது. கார் கண்ணாடியை இறக்காமல் பத்து நிமிஷம் பார்த்தோம். எங்களை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

தங்கல் கிளியர் ஏரிக்கரையில், வாசகமிங் என்ற சின்ன விடுமுறை ஊர். ஏரியின் அழகைப் பற்றி எல்லாரும் எழுதுவார்கள். அதன் கரையில் மீன்பிடி நிலம் வைத்திருந்த கீசீகூவெனின் ஒஜிப்வே பழங்குடி மக்களை 1936-ல் பூங்காவுக்காக வெளியேற்றி, வீடுகளைக் கொளுத்தினார்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். நிலத்தைத் திரும்பப் பெற அவர்களுக்கு ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆனது.

நான்காம் நாள்

விடிகாலை நாலரைக்கு மச்சினனை எழுப்பி மூஸ் தேடப் போனோம். சதுப்பு சதுப்பாக நிறுத்தி, பைனாகுலரில் தூரத்துக் கரையை எல்லாம் துழாவினேன். மூன்று முறை "அதோ" என்றேன். மூன்றும் வேரோடு சாய்ந்த மரம்.

ஏழு மணிக்கு ஆடி ஏரிப் பக்கம், காட்டெருமைகளுக்காக வேலி போட்டு விட்டிருக்கிற புல்வெளி. நாற்பது உருப்படி போல இருக்கும். வண்டியிலேயே உள்ளே ஓட்டிப் போகலாம், இறங்கக் கூடாது. கூட்டம் சாலையிலேயே படுத்திருந்தது. இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்தோம். முன்னால் நின்ற கிடாவின் மூச்சு கேட்டது. குளிர்காலத்து ரோமம் தோளிலிருந்து கந்தல் பாய் மாதிரி பிய்ந்து தொங்கியது. வேலிக் கம்பத்தில் கழுத்தைத் தேய்த்தபோது ஒரு கை நிறைய ரோமம் கம்பத்தில் ஒட்டிக்கொண்டது. தாய்க்குக் கறுப்புப் பழுப்பு நிறம், கன்றுக்கோ செம்மண் நிறம். அது இந்தத் தாய்க்குப் பிறந்ததா என்றே சந்தேகம் வரும். முதுகில் சின்னக் கருங்குருவி ஒன்று உட்கார்ந்து சவாரி செய்தது, எருமைமேல் கரிச்சான் மாதிரி. பேர் கௌபேர்ட். இது தானாகக் கூடு கட்டுவதில்லை, குயில் மாதிரி அடுத்தவர் கூட்டில் முட்டையிட்டுவிடும். நாடோடி எருமை மந்தைக்குப் பின்னாலேயே போன பறவைக்கு ஓரிடத்தில் உட்கார்ந்து அடைகாக்க நேரம் ஏது என்று ஒரு விளக்கம் சொல்கிறார்கள். எனக்கு நம்பத்தான் ஆசை.

கோடிக்கணக்கில் இருந்த விலங்கு 1880-களின் கடைசியில் சில நூறாகச் சுருங்கிவிட்டது. தோலுக்காகச் சுட்டார்கள், எலும்பை அள்ளி உரத்துக்கு விற்றார்கள். இன்று கனடாவில் இருக்கிறவற்றில் ஒரு பங்கு, 1870-களில் ஜேம்ஸ் மக்கே என்ற மெட்டி (பழங்குடி-ஐரோப்பியக் கலப்பு இனத்து) வணிகரும் கூட்டாளிகளும் பிடித்து வளர்த்த சில கன்றுகளின் வம்சம். பின்னர் அந்த மந்தையை வாங்கியவர் சாமுவேல் பெட்சன், ஸ்டோனி மவுண்டன் சிறையின் வார்டன். நார்சிஸ் போகும் வழியில் ஒரு மேட்டில் அந்தச் சிறையைப் பார்த்து, "இங்கயும் மேடு இருக்கா" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டோம்.

பத்து மணிக்கு மழை. இந்த மண்ணில் மழை பெய்தால் சாலை களிம்பாகிவிடும் என்று மச்சினன் முன்னமே சொன்னான். இன்னும் ஒரு சதுப்பு பார்த்துவிடலாம் என்றது நான்தான். கார் பக்கவாட்டில் வழுக்கி ஓடையில் இறங்கி நின்றது. ஒன்றரை மணி நேரம் கழித்து வந்த பிக்கப் வண்டிக்காரர், கேட்பதற்கு முன்னாலேயே கயிற்றை எடுத்துவிட்டார். காசு வாங்க மறுத்துவிட்டு, எதற்காக இந்த வழி வந்தீர்கள் என்று மட்டும் கேட்டார். மூஸ் என்றேன். நேற்று அவர் வீட்டு வாசலில் ஒன்று நின்றதாம்.

ஐந்தாம் நாள்

தெற்கே பிரண்டன் இறங்கி, கார்பெரி வழியாக ஸ்ப்ரூஸ் வுட்ஸ் மாகாணப் பூங்கா. உள்ளே ஸ்பிரிட் சாண்ட்ஸ் என்று மணல்மேடுகள். கனடாவின் நடுவில் தேரிக்காடு! நிறம்தான் வேறு: நம்முடையது குங்குமச் சிவப்பு, இது தவிட்டு மஞ்சள். கட்டைகளைச் சேர்த்துப் போட்ட ஏணிப்படியில் ஏறினால் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கிறது. அசினிபோயின் ஆறு முதல் நாள் சொன்ன அந்தப் பேரேரியில் வந்து கலந்த இடம் இது. ஆறு கொண்டுவந்து கொட்டின மணல்தான் இத்தனையும். ஒருகாலத்தில் ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர் பரவிக் கிடந்தது. புல்லும் மரமும் ஏறி மூட மூட, திறந்த மணலாக எஞ்சியிருப்பது சுமார் நான்கு சதுர கிலோமீட்டர். சரிவில் சப்பாத்திக்கள்ளிகூட இருந்தது, உள்ளங்கை அளவில், சுருங்கிப்போய். மைனஸ் நாற்பதைத் தாண்டி வந்த கள்ளி. பூக்க இன்னும் ஒரு மாதம் போகும்.

நான் மேட்டின் உச்சியில் நின்று, பழக்கதோஷத்தில், ஆற்றங்கரையில் மூஸ் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து மச்சினன் சத்தமில்லாமல் கையைக் காட்டினான். இறங்கிப் போனால், புல் தொடங்குகிற இடத்தில் மண்டிபோட்டுக் குனிந்திருக்கிறான்.

"அத்தான், அரணை!"

அரணையேதான். சுண்டுவிரல் தடிமன், எண்ணெய் தடவின மாதிரி மினுங்குகிற பழுப்பு உடம்பு, முதுகில் நீளக் கோடுகள். வால் பளீரென்று நீலம், குஞ்சு என்று அர்த்தம். வடக்குப் புல்வெளி அரணை கனடாவிலேயே இந்தத் தென்மேற்கு மானிடோபாவில் மட்டும்தான் உண்டு. இந்த மாகாணத்துக்கே இருக்கிற ஒரே பல்லியினம் இது. குளிர்காலம் முழுக்க இந்த மணலுக்குள் உறைமட்டத்துக்குக் கீழே புதைந்து கிடக்கும். பருந்தோ பாம்போ பிடித்தால் அந்த நீல வாலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஓடிவிடும்.

"அரணை நக்கினா மரணம்னு ஆச்சி சொல்லுமே, கிட்டப் போறியே மாப்ளே."

"இது கனடா அரணை அத்தான். அதுக்கு ஆச்சியத் தெரியாது."

பானட்மேல் ஏறி உட்கார்ந்தவன்தான் இவன். அரைமணி நேரம் அசையாமல் கிடந்தான். அது வெயிலில் வயிற்றைப் பரப்பி, ஒரு சிலந்தியைக் கவ்வி இரண்டு முறை தரையில் அடித்து விழுங்கி, மறுபடி வெயில் காய்ந்தது. மேகம் வந்து நிழல் விழுந்ததும் இருந்த இடம் தெரியவில்லை. மணலில் வால் இழுத்த கோடு மட்டும்.

வண்டிக்கு வந்து, ஏறுவதற்கு முன் சாக்ஸைத் திருப்பி உண்ணி தேடினோம். இங்கே மே மாதம் புல்லில் நடந்தவர்கள் எல்லாரும் செய்கிற காரியம். எனக்கு மூன்று: இரண்டு கால்சட்டை மடிப்பில், ஒன்று இடுப்பில் ஊர்ந்துகொண்டிருந்தது. மண்டிபோட்டு அரைமணி நேரம் புல்லில் கிடந்தவனுக்கு ஒன்றுகூட இல்லை.